வயரை ருசி பார்த்தவர்

கரண்டு வயரை வாயில் வைத்துச் சப்பிப் பார்த்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொன்ன மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவரோடு நான் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள், அதனால்தான் இத்தனை நாள் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன். உண்மையான காரணம் வேறு. அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

கம்பம் ஊரில் ஒரு ஏலக்காய்க் கடை. முன்னால் ஒரு மேஜை, தராசு. பின்னால் ரயில் பெட்டி நீளத்துக்குக் குடோன். மேலே கேரளத்துத் தோட்டங்களில் விளையும் காய் மூட்டை மூட்டையாகக் கம்பமெட்டு மலைப்பாதை வழியே ஜீப்பில் இறங்கும். இருபது பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து, முறத்தில் கொட்டி, வெடித்த காய், வெளுத்த காய் என்று பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். நான் அங்கே கம்ப்யூட்டர் ஆள். அனுமந்தன்பட்டியிலிருந்து தினம் பஸ்ஸில் வருவேன். லேப்டாப்பில் பில் அடிப்பது, சாம்பிளைப் போட்டோ எடுத்து வடக்கத்தி வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவது, எடை மெஷினைப் பார்த்துக்கொள்வது, இவ்வளவும் நான்தான். என்னால்தான் கடையே ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடை ஓடியது ஒரு மூக்கினால். அந்த மூக்கின் சொந்தக்காரரை ஊரே மூக்குக்காரர் என்றது. நேரில் 'அய்யா'. அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்திருக்கும். ஒரு காயை எடுத்து நகத்தால் கீறுவார். மூக்குக்கு நேரே பிடிப்பார். கண்ணை மூடுவார். "உலத்துறப்ப தீ ஜாஸ்தியாயிருச்சு. மூணாவது மூட்ட வழியில நனஞ்சிருக்கு" என்பார். ஜீப் டிரைவரை அதட்டிக் கேட்டால் கம்பமெட்டில் மழை, தார்ப்பாயில் ஓட்டை என்று ஒப்புக்கொள்வான். அதற்கு மேலும் சந்தேகம் இருந்தால் விதையை நாக்கில் போட்டு மெல்லுவார். அப்புறம் அப்பீலே கிடையாது. வெளியூர் வியாபாரிகள் காயைப் பார்க்க மாட்டார்கள், அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஏலக்காய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். அதனால் அந்தக் குடோனில் மூக்குக்காரர் போட்ட சட்டம் மிலிட்டரிச் சட்டம். பெண்கள் தலையில் மல்லிகைப்பூவோடு உள்ளே வரக்கூடாது. வாசல் சுவரில் வரிசையாக ஆணி, அதில் மாட்டிவிட்டு வரவேண்டும். முதல் நாள் நான் சென்ட் அடித்துக்கொண்டு போனேன். வாசலிலேயே மறித்துவிட்டார்.

"ஏலே, நீ வேலைக்கு வந்தியா, மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தியா? போ. போய்க் குளிச்சிட்டு வா."

"அய்யா, என் வீடு அனுமந்தன்பட்டி."

"அங்கன தண்ணி வரலையா?"

திரும்பப் பஸ் ஏறிப் போய்க் குளித்துவிட்டு வந்தேன். இதெல்லாம்கூட மன்னிப்புக்குரிய குற்றம். மன்னிப்பே இல்லாத குற்றம் ஒன்று இருந்தது: கருவாடு. எனக்கு முன்னால் ஒரு சுமை தூக்குகிறவர் குடோனுக்குள் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டு, அந்த வாரம் போன சரக்கு அப்படியே திரும்பி வந்ததாம். அன்றைக்கே அவர் சீட்டுக் கிழிந்தது. அதிலிருந்து கருவாடு தின்ற வாயோ கையோ கடைக்குள் வந்தால் வேலை போச்சு என்பது விதி. மூக்குக்காரர் பிறந்ததிலிருந்து சுத்த சைவம். நாக்கு கெட்டுவிடும் என்று வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டார். மத்தியானம் உப்புப் போட்ட தயிர்சாதம், அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் எதற்கும் கட்டுப்படாத ஒரே ஜீவன் மேனேஜரம்மா. வெள்ளை உடம்பில் ஆரஞ்சுத் திட்டுப் போட்ட பூனை. குட்டியாக இருக்கும்போதே ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே ஜீப்பில் வந்து இறங்கி, இறங்கிய கையோடு முதலாளி நாற்காலியில் ஏறிப் படுத்ததால் பெண்கள் வைத்த பெயர். எலி மூத்திரம் பட்ட மூட்டையை எந்த வியாபாரியும் தொடமாட்டான். ஆகவே பூனைக்கு அங்கே நிஜமான உத்தியோகம். ஆனால் மூக்குக்காரருக்கு அது மட்டுமில்லை. மனைவி போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. ஒரே மகள் வடுகபட்டியில் வாக்கப்பட்டிருந்தாள். எங்களிடம் பேசினால் எட்டூருக்குக் கேட்கும் குரல், பூனையிடம் மட்டும், "வா ஆத்தா, பசிக்கிதா ஆத்தா" என்று குழையும். தயிர்சாதத்தில் பாதி அதற்குத்தான்.

எனக்கும் பூனைக்கும் ஆகவே ஆகாது. பில் அடிக்கும்போது கீபோர்டில் வந்து உட்காரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வயரைக் கடித்தால்? முதலில் மவுஸ் வயர் போனது. அடுத்தது என் போன் சார்ஜர். அதற்கடுத்து எடை மெஷின் வயர். கடை முழுக்க எத்தனையோ வயர் தொங்குகிறது, என் கைப்பட்ட சாமானாகப் பார்த்துத்தான் கடிக்கும். வேண்டுமென்றே செய்கிறது என்று நான் சத்தியம் பண்ணினேன். "மொதலாளி, ஒண்ணு நான் இருக்கணும், இல்ல இந்தப் பூன இருக்கணும்" என்று ஒருநாள் கத்தியேவிட்டேன். முதலாளி சிரித்துக்கொண்டே, "அவசரப்பட்டுச் சொல்லாத தம்பி, அது சீனியரு" என்றார்.

அப்புறம் சிரிப்பதற்கு ஒன்றுமில்லாமல் போனது. ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து படியில் கால் வைக்கிறேன், 'டப்' என்று ஒரு சத்தம். மேஜைக்கு அடியில் நீலமாக ஒரு வெட்டு. மேனேஜரம்மா வயரைக் கவ்வியபடியே விறைத்துக் கிடந்தாள். வாயைத் திறந்து விட முடியவில்லை. கரண்டு பிடித்து வைத்திருந்தது.

"ஆத்தே! செத்துருமே!" என்று பூனையைத் தூக்க ஓடினாள் பேச்சியம்மா. பொறுக்குகிற பெண்களிலேயே மூத்தவள் அவள்.

"தொடாத! எவளும் தொடாதீக!"

கத்தியது மூக்குக்காரர். கத்திவிட்டு மனுஷர் பூனை இருந்த பக்கமே வரவில்லை. நேர் எதிர்ப்பக்கம் ஓடினார். அறுபது வயசு உடம்பு இரண்டு மூட்டையைத் தாண்டிக் குதித்ததை நான் கண்ணால் பார்த்தேன். பயந்து ஓடுகிறார் என்றே நினைத்தேன், கடவுளே! அவர் போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டுத்தான் திரும்பினார். மின்விசிறி எல்லாம் நின்றது. அப்புறம்தான் குனிந்து பூனையைத் தொட்டார். சாக்கில் சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், என் பைக்கை எடுக்கச் சொல்லி மாட்டாஸ்பத்திரிக்குப் போனார். சாரி, பைக் முதலாளியுடையது. ஓட்டியது நான்.

டாக்டர் வெளியூர்க்காரர். "மெயினை ஆஃப் பண்ணாம யாராவது தொட்டிருந்தா பூனையோட சேர்த்து அவங்களையும் தூக்கிட்டு வந்திருப்பீங்க" என்றார். பூனையின் வாயோரம், நாக்கு எல்லாம் வெந்திருந்தது. அதைவிடப் பெரிய பயம் நுரையீரலாம். ஷாக் அடித்துச் சில மணி நேரம், ஒருநாள் கழித்துக்கூட நீர் கோத்து மூச்சு முட்டும், கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மூக்குக்காரர் முப்பது வருஷத்தில் முதல்முறையாக இரண்டு நாள் லீவு போட்டார். அந்த இரண்டு நாளும் கடையில் வந்து இறங்கிய சரக்கை எவனும் விலை சொல்லத் துணியவில்லை. மூன்றாம் நாள் பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்கள் குலவை போட்டார்கள். என்னைப் பார்த்ததும் மேனேஜரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முதலாளிக்குச் சந்தோஷம்தான், ஆனால் மனுஷர் பயந்து போயிருந்தார். குடோன் முழுக்கச் சாக்கு. ஒரு பொறி விழுந்தால் என்னாகும்? "அண்ணே, நீக மனசுல வச்சுக்கக் கூடாது. இன்னொரு வயரு போச்சுன்னா, பூன மறுநாள் ஜீப்புல மேல தோட்டத்துக்குப் போயிரும். எனக்கு இருவது பொம்பளைக உசுரு முக்கியம்" என்றார். அதில் நியாயம் இருந்தது. மூக்குக்காரர் தலையை ஆட்டினார். மேலே தோட்டத்தில் நாய்கள் நிறைய, கடுவன் பூனைகளும் உண்டு, வெந்த வாயோடு இது பத்து நாள் தாங்காது என்று அவருக்குத் தெரியும்.

அன்றைக்கு ஆரம்பித்தது ஐயா, பிளக் புடுங்கும் வைபவம்! 'எந்திரிச்சா புடுங்கு' என்பதுதான் புதுச் சட்டம். நாற்காலியை விட்டு எழுந்தவன் எதற்காக எழுந்தாலும் பக்கத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் நகர வேண்டும். யாராவது தும்மினால்கூட மூக்குக்காரர் கை பிளக் பக்கம் போகும். எடை போட்டுக்கொண்டிருக்கும்போது மெஷின் அணைந்துவிடும். சித்திரை வெயிலில் ஃபேன் நின்றுவிடும். பேச்சியம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "எய்யா, பூனைக்கு உசுரக் காப்பாத்திட்டு எங்க உசுர வாங்குறீகளே" என்பாள். முதலாளி வீட்டுப் பேரப்பிள்ளை ஞானஸ்நானத்துக்குச் சாப்பிடப் போனவர், காம்பவுண்டு சுவரில் ஏதோ ஒரு பூனை நடந்துபோவதைப் பார்த்திருக்கிறார். சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜ் வயரைப் பிடுங்கிவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிட்டார். சாப்பாட்டுக்கு அப்புறம் அறுபது பேருக்கு ஐஸ்கிரீமை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்கள்.

டாக்டர் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: பூனைக்கு எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை ஆகாது, தோலை வயரில் தேய்த்துவிடுங்கள். மூக்குக்காரர் அரண்டு போய், "டாக்டரு சார், நான் பொழைக்கிறது ஏலக்காய்க் கடையில" என்றாராம். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. வேப்பெண்ணெய்? வாசனை. யூகலிப்டஸ் தைலம்? பேசவே வேண்டாம். "காந்தாரி மிளகாய அரைச்சுத் தடவிரலாம்யா" என்றேன் நான்.

"ஏற்கனவே அதுக்கு வாய் வெந்து கெடக்கு. அதுல மொளகாயா? நீயெல்லாம் மனுசனாடா?"

கடைசியில் கூடலூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒரு சொந்தக்காரரிடம் போய், மிச்சமான சொட்டுநீர்க் குழாயைச் சுருள் சுருளாகக் கொண்டுவந்தார். கறுப்புக் குழாயை நீளவாக்கில் கீறி, ஒவ்வொரு வயரையும் அதற்குள் நுழைத்து, சுவரோடு சேர்த்து ஆணியடித்தார். மூன்று நாள் வேலை. கடையே திராட்சைத் தோட்டம் மாதிரி ஆகிவிட்டது. "அண்ணே, தண்ணி எப்பத் தொறந்துவிடப் போறீக?" என்றார் முதலாளி. மேனேஜரம்மா குழாயை ஒருமுறை கடித்துப் பார்த்தாள், பல் வழுக்கியது, போய்விட்டாள். ஒரு மாதம் நிம்மதியாகப் போனது.

என் லேப்டாப் சார்ஜரில் மட்டும் அந்தக் குழாய் விறைத்துக்கொண்டு நிற்கும். கையில் இடிக்கும். வளையாது. ஒருநாள் கடுப்பில் அதை உருவி மூட்டைக்குப் பின்னால் எறிந்துவிட்டேன். பூனைதான் மறந்துவிட்டதே என்று ஒரு எண்ணம். அன்று சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்தால், வயர் இரண்டு துண்டு. பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏனென்றால் நான் எழுந்துபோன மறு நிமிஷம் மூக்குக்காரர் வந்து பிளக்கைப் பிடுங்கியிருந்தார். அவருடைய கிறுக்குத்தான் அதைக் காப்பாற்றியது. ஆனால் முதலாளி துண்டு வயரைப் பார்த்துவிட்டார்.

"அண்ணே, சொன்னது சொன்னதுதான். நாளைக் காலையில மொத ஜீப்பு."

மூக்குக்காரர் அறுந்த வயரை எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார். மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடினார். "என்னடா இது, வயருல இம்புட்டு ஏலக்கா வாசம் வருது?" என்றார். பிறகு, அத்தனை பேர் பார்க்க, அந்த வயரை வாயில் வைத்தார்.

பொறுக்கிக்கொண்டிருந்த இருபது பெண்களும் முறத்தை அப்படியே வைத்துவிட்டார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். பேச்சியம்மா, "எய்யா, புத்தி கித்தி பெசகிப் போச்சா?" என்று அலறினாள். அவர் யாரையும் கவனிக்கவில்லை. நாக்கில் வைத்து, கடைவாய்க்குத் தள்ளி, மென்று, துப்பினார்.

"உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

அப்புறம் ஃபேன் வயரின் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு தடவை சரிபார்த்து, அதையும் வாயில் வைத்தார். "இதுல உப்பில்ல." கவர் ஒட்டும் மெஷின் வயர். "இல்ல." பழைய மவுஸ் வயரைக் குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்தார். "இருக்கு." எடை மெஷின் வயர். "இருக்கு." நான் மெல்ல உள்ளங்கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நேரே மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை வரிசைக்குப் போய், குவியல் குவியலாகக் குனிந்து மோந்து பார்த்திருக்கிறார். கடைக்காரம்மா, "என்னண்ணே, அரைக்கிலோ போடவா?" என்று கேட்டதையும், சுத்த சைவமான மூக்குக்காரர் அடுத்த குவியலுக்கு நகர்ந்ததையும் பாதி பஜார் பார்த்தது. அவர் திரும்பி வருவதற்குள் செய்தி கடைக்கு வந்துவிட்டது.

இப்போது அந்த வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மத்தியானம் நெத்திலிக் கருவாடு வறுவல் இல்லாமல் சோறு இறங்காது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெஸ் இருந்தது. தினம் அங்கே போய்த் தின்றுவிட்டு, கையைச் சும்மா தண்ணீரில் அலசிவிட்டு, பாக்கெட்டில் வைத்திருக்கும் ஏலக்காய்த் தோலைக் கசக்கி உள்ளங்கையில் அரக்கித் தேய்த்துக்கொள்வேன். இரண்டு வருஷமாக அந்தப் பெரிய மூக்கை அப்படித்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கையோடு வந்துதான் மவுஸைப் பிடிப்பேன், சார்ஜரை மாட்டுவேன். வாசனையைத்தான் தோல் மறைத்தது. எண்ணெயும் உப்பும் வயரில்தான் இருந்தன. அந்த ருசி எந்தக் கருவாடு என்று தேடித்தான் அவர் மார்க்கெட்டுக்குப் போனது.

பின்பக்கக் குழாயடிக்கு என்னைக் கூப்பிட்டார்.

"கையக் காட்டு."

காட்டினேன். மோந்தார். "ஏலக்கா."

"ஏலக்காய்க் கடையில வேலை பாத்தா ஏலக்கா வாசந்தானய்யா வரும்?"

"சாம்பிளத் தொடுற விரல்ல வரும். உள்ளங்கை ரேகைக்குள்ள எப்படிடா வரும்? தோலப் போட்டுக் கசக்குனாத்தான் வரும்." என் முகத்தைப் பார்த்தார். "நெத்திலியா?"

"ஆமாய்யா."

"எத்தன நாளா?"

"சேந்த நாள்லருந்து."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். "முப்பது வருசமா ஒரு பய என் மூக்க ஏமாத்துனதில்லடா. ஒரு பூன கண்டுபுடிச்சிருக்கு. நான் கண்டுபுடிக்கல" என்றார். அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. வாயை இருபது தடவை கொப்பளித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: பிறந்ததிலிருந்து சைவமான மனுஷர், பூனைக்காகக் கருவாட்டு எண்ணெயை நாக்கில் வைத்திருக்கிறார்.

"அய்யா, மொதலாளிகிட்டச் சொல்லிராதீக. சீட்டுக் கிழிஞ்சிரும். இப்பத்தான் பொண்ணு பேசி முடிச்சிருக்கு. கருவாடு தின்னு வேலை போச்சுன்னு தெரிஞ்சா காறித் துப்புவாக."

"நான் சொல்லலைன்னா அந்த வாயில்லா சீவன் நாளைக்கு ஜீப்புல போகும். அதுக்கு யாரு பொண்ணு பேசுறது?" என்றார். எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை வாசலில் ஜீப் நின்றது. டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டிருந்தான். கூடைக்குள் மேனேஜரம்மா கத்திக்கொண்டிருந்தாள். பெண்கள் பூவை ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார்கள். நான் எடை மெஷினுக்குப் பின்னால் ஒளியாத குறையாக நின்றேன். என் வேலையும் கல்யாணமும் அவர் வாயில் இருந்தன. மூக்குக்காரர் முதலாளி மேஜை முன்னால் வந்து நின்றார்.

"மொதலாளி, பூனைமேல தப்பில்ல. அது வயரக் கடிக்கல, கருவாட்டக் கடிச்சிருக்கு. கருவாடு தின்ன கையி வயருல பட்டிருக்கு. இனிமே படாது. வயரெல்லாம் தொடச்சாச்சு."

முதலாளி நிமிர்ந்தார். "கருவாடா? நம்ம கடையிலயா? எந்தப் பய கை அது?"

மூக்குக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"என் கைதான்."

டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டான். பேச்சியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி, "அண்ணே... நீகளா? நீக கருவாடு திங்கிறீகளா?" என்றார். கோவில் சாமி பிரியாணி கேட்டதாகச் சொல்லியிருந்தால்கூட அவர் அப்படி அதிர்ந்திருக்க மாட்டார்.

"நாக்கு கேட்டுச்சு, நெத்திலி தின்னுட்டேன்."

"அப்ப நேத்து மார்க்கெட்டுல நின்னதாச் சொன்னாகளே... அது நெசந்தானா?"

"நெசந்தான்."

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. திறக்கவில்லை. கோழைப்பயல், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போட்ட சட்டப்படி அவர் சீட்டுக் கிழிய வேண்டும். முதலாளிக்கு மனசு வரவில்லை. அவரே தனக்குத் தண்டனை சொல்லிக்கொண்டார்: ஒரு வாரம் குடோனுக்குள் வரமாட்டேன், சரக்கைத் தொடமாட்டேன். ஒரு வாரம் வாசலில், பூ மாட்டும் ஆணிகளுக்குக் கீழே, முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மேனேஜரம்மா. ஜீப் வெறுமனே மலை ஏறியது.

அதற்கப்புறம் எந்த வயரும் போகவில்லை. உருவி எறிந்த குழாயை நானே தேடி எடுத்து மாட்டினேன். ஆனால் முப்பது வருஷம் மூக்குக்காரர் என்று சொன்ன பஜார் ஒரே வாரத்தில் 'நெத்திலி' என்று பெயரை மாற்றிவிட்டது. சைவம் என்று ஊரை ஏமாற்றினார் என்றார்கள். சில வியாபாரிகள் அவர் சொல்லும் தரத்தை இன்னொருவரிடம் காட்டிச் சரிபார்க்க ஆரம்பித்தார்கள். சாம்பிளை மோந்துகொண்டிருக்கும்போதே, "என்ன அண்ணாச்சி, இன்னைக்கி மீன் வெல என்ன?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். தினம் மத்தியானம் நான் மெஸ்ஸிலிருந்து வரும்போது குழாயடியில் சோப்போடு நிற்பார். சின்னப்பிள்ளைக்குக் கழுவுவது மாதிரி விரல் விரலாகக் கழுவிவிடுவார். "திங்காதன்னு நான் சொல்லலடா. கழுவிட்டு வயரத் தொடு" என்பார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல், "எனக்காக எதுக்கய்யா பழி ஏத்துக்கிட்டீக?" என்று கேட்டேன்.

"ஒனக்காகன்னு யாருடா சொன்னா? பூனைக்காக" என்றார்.

பூனையைக் காப்பாற்ற என் பெயரைச் சொல்லியிருந்தாலே போதும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்குக் கல்யாணம் நடந்தது, வேறு ஊர் போனேன், வேறு வேலை. அவர் கடையை விட்டு வடுகபட்டிக்கு மகள் வீட்டோடு போய்விட்டார், மேனேஜரம்மாவையும் கூட்டிக்கொண்டு. போன மாதம் கம்பத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "அந்த நெத்திலி பெரிய வேஷக்காரருப்பா" என்றார். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டேன். மறுநாளே வடுகபட்டிக்குப் போய், எல்லாவற்றையும் பத்திரிகையில் எழுதப் போகிறேன் என்று சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"வேணாம்டா, கிறுக்குப் பயலே. ஒம்மாமனார் வீட்டுல படிச்சா ஒன்னய என்ன நெனப்பாக?"

இத்தனை வருஷம் கழித்தும் என் மானத்தைப் பற்றித்தான் கவலை, அவருடையதைப் பற்றி இல்லை. ஆகவே அவருக்குத் தெரிந்தே முதல்முறையாக அவர் பேச்சை மீறி எழுதுகிறேன். கம்பத்து ஏலக்காய் வியாபாரிகளே, அந்த மனிதர் பிறந்ததிலிருந்து சைவம். நெத்திலி தின்ற கை என் கை. இனிமேல் அவரை எங்கே பார்த்தாலும் மீன் விலை கேட்காதீர்கள். மேனேஜரம்மா சௌக்கியமா என்று கேளுங்கள், அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிடும்.